அடைக்கலமும் ஆறுதலும்

கிறிஸ்து மதம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வேரூன்றி நான்கு நூற்றாண்டுகளாகிவிட்டன. அந்த நெடிய காலத்தினுள்ளே அது பதவியையும் முதுச உரிமையையும் தன் கையில் வைத்திருந்த அரசாங்க மதமாக இருந்ததுண்டு. அரசாங்கத்தால் விலக்கப்பட்டு, இராக்காலத்திலே கதவை அடைத்துக்கொண்டு மெல்லிய குரலிலே செபிக்க வேண்டிய மதமாக இருந்ததுமுண்டு. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் அச்சுக்கூடமும் நடத்திய மதமாகவும், பிற்காலத்திலே, குண்டுகளுக்கு அஞ்சி ஓடிவந்த சனங்களைத் தன் ஆலயத்திலே வைத்துக்கொண்டு, அந்த ஆலயமே அவர்கள்மேல் இடிந்து விழக் கண்ட மதமாகவும் அது இருந்திருக்கிறது. ஆகவே, துன்ப காலத்திலே கிறிஸ்தவ விசுவாசம் மனிதனுக்கு ஆறுதல் தருமா, தருமாயின் அந்த ஆறுதலின் இயல்பு யாது என்னும் வினாவை ஆராயப் புகுவோன் கடல்கடந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. இச்சிறு நிலப்பரப்பின் சரித்திரமே அதற்குப் போதிய சாட்சியாகும்.

விசுவாசத்தினிடத்து மக்கள் பொதுவாக எதிர்பார்க்கும் ஆறுதல் இரண்டு வகைப்படும். நோய் தீரவேண்டும், கடலுக்குப் போன மகன் கரைசேரவேண்டும், பிடித்துச் செல்லப்பட்டவன் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது முதலாவது வகை. அதனைக் காப்பு எனலாம். வந்த துன்பம் ஏன் வந்தது, எத்தனையோ பேர் இருக்க எனக்கே ஏன் வந்தது என்பதற்கு மனம் ஒப்பத்தக்க காரணம் ஒன்றை வேண்டி நிற்பது இரண்டாவது வகை. அதனை விளக்கம் எனலாம். இவ்விரண்டையும் கேட்பது குற்றமன்று. வேதாகமத்திலே இத்தகைய விண்ணப்பங்கள் மலிந்து கிடக்கின்றன. ஆயினும் காப்பும் கிட்டாமல் விளக்கமும் கிட்டாமல் நின்ற காலத்திலும் விசுவாசம் அழியாதிருந்த மனிதர் இந்த மண்ணிலே வாழ்ந்திருக்கிறார்கள்; காப்பையும் ஆதாயத்தையும் நம்பிக் கட்டப்பட்ட சபையோ, காலம் மாறிய மாத்திரத்திலே இருந்த இடந்தெரியாமற் கரைந்துபோயிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துச் சரித்திரம் இதனை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகிறது.

1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றி, அத்தகைய குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென்று விளம்பரஞ் செய்து, ஊர்தோறும் இருந்த கோவில்களைத் தம்வசமாக்கி, கோவிலோடு பள்ளிக்கூடத்தையும் இணைத்து, ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதியும் தோம்பினைப் பள்ளிக்கூட ஆசிரியரிடமே ஒப்படைத்தார்கள். தோம்பிலே பெயரில்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை. அவனுடைய பிள்ளைகளின் முதுசத்துக்கும் நிச்சயம் இல்லை. இவ்வாறாக, ஏட்டளவிலே குடாநாட்டு மக்களிற் பெரும்பாலார் கிறிஸ்தவராயினர். ஏடு அவ்வாறிருக்க, வீடு வேறாயிருந்தது. விரத நாளிலே மறைவாக உண்ட சைவர்கள், உண்ட இலை வெளியிலே கிடந்தால் அகப்பட்டுவிடுவோமென்று அஞ்சி, அதனைக் கூரையின் இறப்பிலே செருகி வைத்தார்கள் என்பது போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றியும் ஒல்லாந்தர் காலத்தைப் பற்றியும் யாழ்ப்பாணத்து மூத்தோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

1795ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஆங்கிலேயர் கோட்டையைப் பெற்றுக்கொண்டபோது 137 ஆண்டுக் கட்டாயம் நீங்கிற்று. அது நீங்கவே, தோம்புகளிலே பெருந்தொகையாக எழுதப்பட்டிருந்த கிறிஸ்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் காணாமற்போயினர். 1816இலே அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கியபோது, அவர்களுக்குக் கிடைத்தவை கூரையில்லாத பழைய கோவிற் சுவர்களே. ஆதாயத்துக்காகத் தரிக்கப்பட்ட சமயம் ஆதாயம் போனவுடன் களையப்பட்டது. இதிலே யாழ்ப்பாணத்தாரைக் குறைகூற இடமில்லை. சமயத்தைச் சம்பளமாகக் கொடுத்தவர்களையே குறைகூற வேண்டும்.

அதே 137 ஆண்டுகளிலே கத்தோலிக்கர்களின் கதை மாறாக நடந்தது. கத்தோலிக்க மதமும் இங்கே போர்த்துக்கேயரின் வாளின் நிழலிலே பரவியதுதான் என்பதை மறைப்பதிற் பயனில்லை; 1619இலே சங்கிலி மன்னனின் அரசு வீழ்ந்த பின்னரே குடாநாடெங்கும் கோவில்கள் எழுந்தன. ஆனால் அந்த வாள் ஒடிந்து, குருமாரும் இல்லாமல், பூசையும் இல்லாமல், பாவசங்கீர்த்தனம் கேட்பாருமில்லாமல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், சில்லாலை முதலிய ஊர்களிலே சனங்கள் தம் செபங்களை மறக்காமலிருந்தார்கள். அவர்களைத் தேடியே கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் முனிவர் 1687இலே வந்து சேர்ந்தார். கூலிக்காரனைப் போல வேடந்தரித்துக் கரையிறங்கி, வழியிலே வயிற்றுளைவினால் உயிர் போகும் நிலைக்கு வந்து, முன்பின் அறியாத ஏழைப் பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியினாலே பிழைத்தெழுந்து, கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார் என்று அவருடைய சரிதை கூறுகிறது. அந்த மாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே தம்மவர் யார் என்பதை அவர் அறிந்துகொண்டார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வாஸ் முனிவரால் சில்லாலைச் சனங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிட்டவில்லை. அவர் வந்ததனால் அவர்களுடைய ஆபத்துப் பன்மடங்காயிற்று. கிறிஸ்து பிறப்பு இரவொன்றிலே வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள்மேல் ஒல்லாந்தப் படையினர் வந்து விழுந்து, படங்களை உடைத்து, மனிதரைச் சிறைப்படுத்தினார்கள். ஏன் இவ்வாறு துன்பப்படுகிறோம் என்பதற்கு முனிவரிடத்திலே புதிய தத்துவ விளக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் உயிரைப் பணயமாக வைத்து அவரை ஒளித்து வைத்தார்கள். ஊர்விட்டு ஊர் கடத்தினார்கள். பின்னர் அவர் கண்டிக்குச் சென்று, 1697இலே அங்கே பெரியம்மை பரவியபோது, பெற்ற தாயும் தொட அஞ்சிய நோயாளர்களைத் தம் கையாலே கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்து, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அந்நகரிலேயே உயிர்நீத்தார். 2015இலே பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராக அறிவித்தார். காப்பும் விளக்கமும் கொடுக்காத அந்த மனிதர் கொடுத்தது துணை. நீங்கள் கைவிடப்படவில்லை என்பதைத் தம் வரவினாலே, தம் இருப்பினாலே அவர் மெய்ப்பித்துக் காட்டினார். கிறிஸ்தவ ஆறுதலின் சாரம் இதுவே என்பது என் துணிபு.

இந்தத் துணையின் மூலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், விசுவாசி சிலுவையைக் காட்டுவான். கெத்செமனேத் தோட்டத்திலே இயேசு, தமக்கு வரவிருக்கும் பாத்திரம் நீங்கவேண்டுமென்று முகங்குப்புற விழுந்து மன்றாடினார், அது நீங்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு சீடர்களைக் கேட்டுக்கொண்டார், அவர்கள் உறங்கிவிட்டார்கள். சிலுவையிலே தொங்கியபோது, கடவுளே என்னைக் கைவிட்டது ஏன் என்று கேட்கும் பழைய சங்கீதம் ஒன்றினையே தம் வாக்காக்கிக்கொண்டார். அதற்கு வானத்திலிருந்து உடனே ஒரு விடை வந்ததாகச் சுவிசேஷங்கள் கூறவில்லை. ஆகவே விசுவாசி வணங்கும் தெய்வம், கேட்டும் கிடைக்காதவனுடைய இடத்திலே தானே நின்ற தெய்வம். அன்றியும், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த திருமேனியிலே ஆணித் தழும்புகள் மறையாதிருந்தன என்பதும், தோமா அவற்றைக் கொண்டே தம் ஆண்டவரை அறிந்தார் என்பதும் ஆழ்ந்து நோக்கத்தக்கன. நடந்த துன்பம் நடவாதது போல ஆக்கப்படவில்லை. அது தன் வெற்றியை மட்டும் இழந்தது.

யாழ்ப்பாணத்துச் சைவ அன்பர்களுக்கு இந்தக் கருத்து முற்றிலும் அந்நியமானதன்று. தேவர்கள் உய்ய ஆலகாலத்தைத் தானுண்டு, அதன் கறையைக் கண்டத்திலே என்றும் தாங்கி நிற்கும் பெருமானைப் பாடியே தேவார ஆசிரியர்கள் தம் இடர்களைக் கடந்தார்கள். 1947இலே தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயராகிய சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கொள்கை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஒப்புநோக்கி 1964இலே ஆங்கிலத்தில் விரிவான நூலொன்று வெளியிட்டார். அயலவனுடைய பக்தியைக் கற்றறிந்தே தன் விசுவாசத்தைத் தெளிவாக உணரமுடியும் என்பதற்கு அவர் சிறந்த சான்று. ஒற்றுமையை ஒப்புக்கொண்ட பின் வேற்றுமையையும் சொல்லவேண்டும். நஞ்சு நீலகண்டனைக் கொல்லவில்லை. அவன் பிறவாதவன், இறவாதவன். துன்பமோ உயிர்களின் வினையோடு தொடர்புடையது. கிறிஸ்தவமோ, இறைவன் மனிதனாய்ப் பிறந்து மெய்யாகவே மரித்தான் என்று துணிந்து சொல்கிறது. இவ்விரண்டிலே எது மெய் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிறிஸ்தவன் தன் துன்ப வேளையிலே எதனைப் பற்றிக்கொள்கிறான் என்பதை மட்டும் இங்கே காட்டுகிறேன்.

இவ்வகை ஆறுதல் அழுகையைத் தடுப்பதில்லை. அழுவது விசுவாசக் குறைவு என்று கருதுவோர் இக்காலத்திலே சிலர் உளர். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுக்காகக் கண்ணீர் விட்டார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். 150 சங்கீதங்களிலே முறையீடுகளே மிகுதி. அவற்றுள் 88ஆவது சங்கீதம் நன்றியிலோ நம்பிக்கையிலோ திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதனையும் வேதாகமம் நீக்காமல் வைத்திருக்கிறது. இதனை நன்கு உணர்ந்தவர் வாஸ் முனிவரின் வழியிலே 1705ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல செய்து, 1742இலே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தபசு காலத்திலே யாழ்ப்பாணத்துக் கோவில்களிலும் மன்னார்க் கரையோரத்திலும் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒல்லாந்தருக்கு அஞ்சி வாழ்ந்த சனங்கள், மகனை இழந்த தாயின் புலம்பலை ஓரிடத்திலே கூடியிருந்து கேட்டு, அவளுடைய கண்ணீரோடு தம் கண்ணீரையும் சேர்த்துச் சிந்தினார்கள். தனியே அழுதால் மனத்தை முறிக்கும் துக்கம், சபையாக அழும்போது தாங்கத்தக்கதாகிறது. 1965இலே மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க் காலத்திலும் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றியபோது, பார்த்திருந்தோர் அதனைப் பழங்கதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வந்த அமெரிக்க மிஷனரிமாரிடத்து இந்தத் துணை மற்றொரு வடிவங்கொண்டது. அவர்களும் துன்பத்துக்குப் புறம்பானவர்களாக இருக்கவில்லை. வந்து ஏழு ஆண்டுகள் நிறையுமுன்னே வாரன், றிச்சாட்ஸ் என்னும் இருவரும் நோயினால் மறைந்தனர்; பூவர் ஐயர் தம் மனைவியை இந்த மண்ணிலே அடக்கஞ் செய்தார். வட்டுக்கோட்டைச் செமினரியை 1823இலே நிறுவிக் கல்வியினாலே பெரும் புகழ்பெற்ற அந்த டானியேல் பூவர், 1855ஆம் ஆண்டு மானிப்பாயிலே வாந்திபேதிக்கு இரையானார். பேதி பரவும் ஊரைவிட்டு அகல வழியுள்ளவர்கள் அகலாமல் இருந்தார்கள் என்பதே அவர்கள் செய்த பிரசங்கங்களிலெல்லாம் தெளிவான பிரசங்கம். 1847இலே வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, தான் ஒருவன் எத்தனை பேருக்குக் கைகொடுக்க முடியும் என்று கணித்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். நோயாளியின் பாஷையிலே நோயாளியோடு பேசும் வைத்தியன் வேண்டும் என்ற அவர் கருத்தினுள்ளே ஆறுதலைப் பற்றிய உபதேசம் ஒன்று முழுமையாக அடங்கியிருக்கிறது.

இதற்கு மறுதலையாக எழுந்த கண்டனத்தையும் நேர்மையோடு நோக்கவேண்டும். துன்பப்பட்டவனுக்குச் செய்யும் உதவியிலே மதமாற்றம் மறைந்திருக்கிறது, பள்ளிக்கூடமும் மருந்தும் தூண்டிலிரை என்று ஆறுமுக நாவலர் முதலியோர் கடுமையாக எழுதினர். அக்கண்டனத்திலே உண்மையே இல்லை என்று சொல்லமுடியாது. ஒல்லாந்தரின் தோம்பு நமக்குக் கற்பித்த பாடமும் அதுவேயாகும்: விலை வைத்துக் கொடுக்கப்பட்ட ஆறுதல் வியாபாரமாகிவிடுகிறது. நாவலர் கண்டனம் எழுதியதோடு அமையவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1877இலே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி, பசித்தவர்களுக்கு உணவளித்தார். பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய அந்தச் சைவப் பெரியாரின் கஞ்சித்தொட்டிக்கு, பெயர் கேளாமற் காயங்கட்டிய சமாரியனின் உவமையை அறிந்த கிறிஸ்தவன் தலைவணங்காமல் இருக்கமுடியாது.

இனி, இந்த ஆராய்ச்சியிலே மிகவும் கடினமான இடத்துக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள், வலிகாமத்திலே இராணுவம் முன்னேறி வந்தபோது, வீடுகளைவிட்டு ஓடிய சனங்கள் நவாலியிலுள்ள புனித பேதுருவானவர் ஆலயத்திலும், அருகிலிருந்த சின்னக்கதிர்காம முருகன் கோவிலிலும் தஞ்சம் புகுந்தார்கள். கடவுளின் வீட்டிலே குண்டு விழாது என்று நம்பியே அங்கே போனார்கள். விமானப்படையின் குண்டுகள் அங்கேயே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர், குழந்தைகளும் பெண்களுமாக, இறந்தார்கள். அதற்கு முன் 1993 நவம்பரிலே குருநகர் யாகப்பர் ஆலயமும், பின் 2006 ஓகஸ்டிலே அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் ஆலயமும் தாக்கப்பட்டன. அடைக்கலம் தேடி ஓடியவன் அடைக்கலத்திலேயே கொல்லப்பட்டான் எனில், எங்கள் விசுவாசம் எங்களுக்குச் செய்த உதவி யாது? இந்தக் கேள்வியைக் கேளாத கிறிஸ்தவன் யாழ்ப்பாணத்திலே வாழவில்லை என்றே சொல்வேன்.

இதற்கு விளக்கம் சொல்லப் புகுவோன் முதலிலே லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தைப் படிக்கவேண்டும். எருசலேமிலே சீலோவாமிலிருந்த கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி அக்காலத்துச் சனங்களின் வாயிலே அடிபட்டது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று தாமே வினவி, அல்ல என்று இயேசு அறுதியிட்டுச் சொன்னார். ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் எதுவும் கூறவில்லை. மாண்டவர்களின்மேற் பழியைச் சுமத்தும் வழியை மட்டும் அடைத்துவிட்டு, உயிரோடிருப்பவர்களைத் தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளுமாறு எச்சரித்தார். நவாலியைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் சொல்லத்தக்கதும் அவ்வளவே. இது தெய்வ தண்டனை என்று சொல்பவன் சுவிசேஷத்துக்கு விரோதமாகப் பேசுகிறான். இது தேவசித்தம் என்று அவசரப்பட்டுச் சொல்பவனும் குண்டு வீசியவனுடைய குற்றத்தைத் தெய்வத்தின் கணக்கிலே எழுதிவிடுகிறான். அது மனிதர் மனிதருக்குச் செய்த கொடுமை.

ஆலயச் சுவர் குண்டைத் தடுக்கும் என்று கிறிஸ்து எந்த இடத்திலும் வாக்களிக்கவில்லை. எருசலேம் தேவாலயமே கல்லின்மேற் கல் நில்லாமல் இடிபடும் என்றார். அவர் வாக்களித்தது யுகமுடிவுவரை எந்நாளும் உடனிருப்பதை. ஆகவே கூரையை நம்பிய விசுவாசம் அன்று நவாலியிலே இடிந்தது. துணையை நம்பிய விசுவாசத்துக்கோ இடிவதற்குக் கூரை இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது அன்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் துயரத்தை ஒரு வாக்கியத்தினால் தீர்த்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆயினும் அந்த ஆலயத்திலே வழிபாடு நின்றுவிடவில்லை என்பதும், யூலை 9ஆம் நாள் தோறும் இறந்தோரை நினைந்து அங்கே சனங்கள் கூடுகிறார்கள் என்பதும், அந்த நினைவிலே சைவரென்றும் கிறிஸ்தவரென்றும் பிரிவில்லை என்பதும் உண்மைகள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், கோவில்களும் பள்ளிக்கூடங்களும் அவர்களுக்கு இடங்கொடுத்தன. உடைந்த அடைக்கலம் மீண்டும் அடைக்கலமாயிற்று.

ஆறுதல் அபினி என்றும், அது மனிதனை நீதி கேளாதபடி உறங்க வைக்கிறது என்றும் சொல்லும் பகுத்தறிவாளருக்கும் இங்கேயே விடை இருக்கிறது. அல்லைப்பிட்டியின் பங்குக்குரு திருச்செல்வம் நிகால் ஜிம்பிறவுண், 2006 ஓகஸ்ட் 13ஆம் நாள் ஆலயம் தாக்கப்பட்டபோது தம் சனங்களுக்காக ஓடித்திரிந்தார். ஓகஸ்ட் 20ஆம் நாள் அல்லைப்பிட்டி நோக்கிச் சென்ற அவரையும் உடன் சென்றவரையும் அதன்பின் காணவில்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகளார், 2009 மே 18ஆம் நாள் வட்டுவாகலிலே இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு தாமும் சென்றார், அவரும் திரும்பவில்லை. இவர்கள் அபினி உண்டு உறங்கியவர்களல்லர். துன்பப்பட்டவனுக்குத் துணையிருப்பவன் அவனுக்காக வாய்திறக்கவும் கடமைப்பட்டவன். இவ்விருவரையும் போலக் காணாமற்போன ஆயிரக்கணக்கானோரின் தாய்மார் இன்றும் படங்களை ஏந்தித் தெருவோரத்திலே இருக்கிறார்கள். அவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்திச் செபஞ்சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கும் கேள்வியைத் தாமும் கேளாதிருப்போர் அவர்களுக்குத் துணையாகமாட்டார்கள்.

போருக்குப் பின் வந்த காலத்திலே வேறொரு சோதனையும் எழுந்திருக்கிறது. விசுவாசித்தால் கடன் தீரும், வெளிநாட்டு விசா கிடைக்கும், நோய் அந்தக் கணமே பறந்துவிடும் என்று ஒலிபெருக்கியிலே வாக்களிப்போர் பெருகியிருக்கிறார்கள். ஏக்கத்தோடு அங்கே போகிறவர்களை நான் பரிகசிக்கவில்லை. வேறிடத்திலே யாரும் அவர்களை விசாரிக்காததே அவர்கள் போவதற்குக் காரணம். ஆனால் இது ஒல்லாந்தரின் தோம்பு புதுவேடத்திலே வந்தது என்பதை மறக்கலாகாது. உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவனும் விசாவுக்காகச் செபிப்பவனும் ஒரே தளத்திலேயே நிற்கிறார்கள். கேட்டது கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் அந்த விசுவாசத்துக்கு மறுநாள் வேலையில்லை. அன்றியும், கேட்டது கிடைக்காதவனிடம் உன் விசுவாசம் போதாது என்று சொல்வது, காயத்தின்மேல் இன்னொரு காயம் செய்வதாகும்.

உண்மையான ஆறுதல் ஒரு நாளிற் சேர்வதன்று. மாரி மழை மெல்லமெல்லச் சுண்ணக்கல்லிலே ஊறித் தங்கியிருப்பதனாலேயே சித்திரைக் கோடையிலும் நம் கிணறுகளிலே நன்னீர் ஊறுகிறது; மழைநாளிலே சேராத நீரைக் கோடையிலே ஆழத் தோண்டித் தேடினால் உவர்நீரே வரும். அதுபோல, சுகமாயிருந்த காலத்து மாலைச் செபமும், மனனஞ் செய்த சங்கீதமும், சபையாரோடு பழகிய பழக்கமும் இடர்வந்த நாளிலே தாமாக எழுந்து கைகொடுக்கின்றன. போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், மக்களின் மனவடுக்களை ஆராய்ந்து எழுதியபோது, வழிபாடும் ஈமச்சடங்கும் கூடியழுதலும் மனத்தைத் தாங்கும் பண்பாட்டு வளங்கள் என்று காட்டினார். மருத்துவம் வேண்டியவனுக்கு மருத்துவத்தை மறுத்துச் செபத்தை மட்டும் கொடுப்பது அறிவீனம். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை வாஸ் முனிவரின் கைகளும் கிறீன் வைத்தியரின் கைகளும் முன்னமே காட்டிவிட்டன.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலே பவுல் அப்போஸ்தலர், தமக்குத் தேவனால் உண்டான ஆறுதல் மற்றவரை ஆற்றுவதற்காகவே கொடுக்கப்பட்டது என்ற கருத்தை வற்புறுத்துகிறார். பெற்றதைத் தன்னிடத்திலேயே பூட்டி வைப்பவனிடத்து அது தங்குவதில்லை. ஆகவே ஆறுதலை எங்கே பெறலாம் என்ற கேள்வியைவிட, ஆறுதலை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்ற கேள்வியே விசுவாசிக்கு முதன்மையானது. யோபுவின் நண்பர்கள் அவனருகே ஏழு நாளும் இராப்பகலாகப் பேசாமல் மண்ணிலே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அதுவே. வாய்திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பின்னரே பிழைசெய்தார்கள்.

நாமும் அந்த முதல் ஏழு நாட்களையே கற்றுக்கொள்வோமாக. அடுப்பு மூட்டாத செத்தவீட்டுக்குச் சோறு கொண்டுபோங்கள், காரணம் சொல்லாதீர்கள். கேட்டால் மட்டும் செபியுங்கள். கேளாவிட்டால் பக்கத்திலே இருங்கள். முப்பத்தோராம் நாள் கழிந்து, பந்தல் பிரித்து, உறவினர் எல்லாரும் கொழும்புக்கும் கனடாவுக்கும் திரும்பிப் போன பிறகு, இன்னொரு முறை போங்கள். துணை மெய்யாக வேண்டப்படுவது அப்போதுதான். அந்த வீடு சைவ வீடா வேத வீடா என்று பார்க்க வேண்டாம். உங்கள் ஒழுங்கையிலே இந்த ஆண்டு துக்கம் நிகழ்ந்த வீடு எது என்பதை இன்றே விசாரித்தறிந்து, நாளைக்கு அங்கே போய் வாருங்கள்.